பரீட்சை மண்டபத்திற் கூத்து: அழகியற் கல்வியும் தராதரமும்

பாடசாலையிற் கலைகளுக்கு இடமளித்தல் வேண்டுமா என்ற வினா, இலங்கையைப் பொறுத்தவரையிற் காலங்கடந்த ஒன்றாகும். 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம், இடைநிலை வகுப்பு மாணவர் அனைவரும் பயிலவேண்டிய பொதுப் பாடங்களுள் ஒன்றாக அழகியற் கல்வியை ஆக்கிற்று. 1975இல் முதன்முறையாக நடைபெற்ற தேசிய பொதுக் கல்வித் தராதரப் பத்திரப் பரீட்சையிலும் அது இடம்பெற்றது. 1977ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்தையடுத்து அப்பரீட்சை கைவிடப்பட்டு, க.பொ.த. சாதாரண தரம் மீண்டும் நடைமுறைக்கு வந்தபோதும் அழகியற் பாடங்கள் அகற்றப்படவில்லை. இன்று சாதாரண தரத்தின் கட்டாய பாடங்கள் ஆறு போக, எஞ்சியவற்றைத் தெரிவதற்கென அமைந்த மூன்று தொகுதிகளுள் ஒன்று சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும், இலக்கிய நயம் முதலியவற்றுக்கே உரியது. நாடகமும் அரங்கியலும் உயர்தரப் பாடமாகவும் விளங்குகின்றது. ஆகவே, பாடசாலைக்குட் புகுந்த கலைக்குப் புகுந்தபின் என்ன நேர்ந்தது என்பதே இன்று எழுப்பப்பட வேண்டிய வினாவாகும்.

இதுபற்றி இருவகைக் கருத்துக்கள் வழங்கிவருகின்றன. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உரிய நேரத்தை அழகியற் பாடங்கள் பறிக்கின்றன, இலகுவிற் சித்தியெய்துவதற்கான குறுக்குவழியாக அமைந்து கல்வித் தராதரத்தைத் தாழ்த்துகின்றன என்பது ஒரு சாரார் கூற்று. கலைப்பயிற்சி மனத்தைக் கூர்மையாக்கி ஏனைய பாடங்களிலும் அதிக புள்ளி பெற உதவுகின்றது என்பது மறுசாரார் வாதம். முரண்பட்டவை போலத் தோன்றும் இவ்விரு கருத்துக்களும் ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. தராதரம் என்பது கலைக்குப் புறம்பான ஒன்று, கலை அதனைக் கெடுக்கும் அல்லது வளர்க்கும் என்பதே இரண்டினதும் எடுகோளாகும். கலைக்குத் தனக்கேயுரிய தராதரம் உண்டென்ற எண்ணம் இரு சாராரிடத்தும் இல்லை. இவ்வெடுகோள் எத்துணை பிழையானது என்பதை அறிவதற்கு ஈழத்துத் தமிழரின் மரபுவழி அரங்காகிய கூத்தினைக் காட்டிலும் தக்க உரைகல் பிறிதில்லை.

மட்டக்களப்புப் பிரதேசத்திலே கூத்துப் பழகும் முறையைக் கவனித்தல் இவ்விடத்திற் பொருத்தமானது. ஊரவர் கூடி ஆடவேண்டிய கூத்தினைத் தீர்மானிப்பர். அண்ணாவியார் ஆடவருவோரின் குரலையும் தோற்றத்தையும் தாள உணர்வையும் நோக்கிப் பாத்திரங்களைப் பங்கிடுவார். ‘சட்டங் கொடுத்தல்’ எனப்படும் இந்நிகழ்விலிருந்து பயிற்சி தொடங்கும். பாத்திரத்துக்குரிய பாடல்களும் வரவுத் தாளங்களும் ஆட்ட வகைகளும் மாதக்கணக்காக இரவு தோறும் பயிலப்படும். மத்தளத்தின் முன் நின்று அண்ணாவியார் திருத்தத் திருத்த, ஆட்டக்காரனின் காலும் குரலும் படிப்படியாக ஒன்றிணையும். தேர்ச்சி ஓரளவு கைவந்தபின்பே சதங்கை அணியும் தகுதி கிடைக்கும். இறுதியில் வட்டக்களரியிலே ஊர் முழுவதும் சூழ்ந்திருக்க அரங்கேற்றம் நிகழும். பார்ப்போருட் பலர் தாமும் ஒருகாலத்தில் ஆடியவர்கள். தாளம் தவறினால் அறியக்கூடியவர்கள்.

இப்பயிற்சிமுறையிலே தெரிவு உண்டு, படிநிலை உண்டு, தொடர்ச்சியான கணிப்பீடு உண்டு, பகிரங்கமான இறுதிச் சோதனையும் உண்டு. நவீன கல்வியியலாளர் வற்புறுத்தும் அம்சங்கள் பலவற்றையும், எழுத்தறிவு குறைந்திருந்த கிராமத்தவர் தமது தேவைக்கேற்ப வகுத்துக் கொண்டிருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. எனவே தராதரம் என்பது பாடசாலை கலைக்கு வழங்கிய கொடை அன்று.

கூத்தினைக் கல்வியுலகின் கவனத்துக்குக் கொணர்ந்த பெருமை பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்களைச் சாரும். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அவர், பாடசாலைகளுக்கிடையே கூத்துப் போட்டிகளை நடத்தினார். அறுபதுகளிற் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியவற்றைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, படச்சட்ட மேடைக்கேற்பச் சுருக்கப்பட்டது இக்காலத்திலேயே ஆகும். வட்டக்களரியின் உயிர் இதனாற் குன்றிற்று என்று பின்வந்தோர் கூறும் குறையில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் பேராதனைத் தயாரிப்புக்களிலே மாணவர் கூத்தினை ஆடிக் கற்றனர்; கிராமத்திலிருந்து வந்த அண்ணாவியாரிடமே ஆட்டத்தைப் பழகினர். ஏட்டறிவும் ஆட்ட அறிவும் ஒரே மேடையிற் சந்தித்த அரிய தருணம் அது.

1976இற் கொழும்பிலே பட்டதாரி ஆசிரியர்களுக்கென ஆரம்பிக்கப்பட்ட நாடகமும் அரங்கியலும் டிப்புளோமா நெறி அடுத்த கட்டத்தைக் குறிக்கின்றது. அதனைப் பயின்றவர்களுள் ஒருவரான குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். பாடசாலைப் பிள்ளைகளுக்காக அவரும் கலாநிதி சி. மௌனகுருவும் எழுதிய சிறுவர் நாடகங்களிலே, பிள்ளைகள் விளையாட்டினூடாக அரங்கினைக் கண்டடைந்தனர். நாடகம் பாடமாக நிலைபெற்றதற்குப் பின்னணியாக இத்தகைய உழைப்பு இருந்தது.

ஆனாற் பாடமாக நிலைபெற்ற பின்னர் நாடகம் பரீட்சையின் விதிகளுக்குட்பட்டது. வடமோடிக்கும் தென்மோடிக்குமிடையிலான வேறுபாடுகளைக் குறிப்பிடுக என்ற வகையான வினாவுக்கு, ஒரு கூத்தினையேனும் கண்டிராத மாணவர் நிறைவான விடை எழுதிவிட முடிகின்றது. குறிப்புப் புத்தகங்களும் தனியார் வகுப்புக்களும் அவ்விடையை வாய்பாடாக்கித் தருகின்றன. செயன்முறைப் பரீட்சை உண்டேயெனில், சில நிமிடங்களில் முடிவடையும் அச்சோதனைக்கு ஓர் ஆட்டத் துணுக்கும் ஒரு பாடலும் போதுமாகின்றன. ஒருவரோடொருவர் இணைந்தாடும் கலை, தனித்தனியே புள்ளியிடப்படும் திறனாகச் சுருங்குகின்றது. அழகியற் பாடங்கள் இலகுவானவை என்ற குற்றச்சாட்டுக்கு அடிப்படை இதுவேயாகும். பரீட்சை தான் அளக்கத்தக்க பகுதியை மட்டும் பிரித்தெடுத்துப் பாடமாக்கியது. பின்னர் அப்பாடம் பாரமற்றது என்று கலையைப் பழிக்கிறது.

கலையாற்றலைப் புள்ளியிடுதல் பரீட்சகரின் தனிப்பட்ட ரசனையைப் பொறுத்ததாகிவிடும். எழுத்துப் பரீட்சையே நடுநிலையானது என்ற மறுப்பு எழக்கூடும். பல்கலைக்கழக அனுமதி புள்ளிகளாலேயே தீர்மானிக்கப்படும் நாட்டில் இது புறக்கணிக்கத்தக்க அச்சம் அன்று. ஆனால் தாளம் பிசகியதா, பாத்திரத்தின் வரவு அதற்குரிய தாளக்கட்டில் அமைந்ததா என்பன வெறும் ரசனை சார்ந்த விடயங்கள் அல்ல. வட இலங்கைச் சங்கீத சபை 1931இல் தோன்றியது முதல் படிநிலைப் பரீட்சைகளின் மூலம் இசையையும் நடனத்தையும் மதிப்பிட்டு வந்துள்ளது. செயல்வழி மதிப்பீடு இயலாததன்று. அதற்கு நேரமும் பணமும் தேர்ந்த பரீட்சகரும் வேண்டும் என்பதே உண்மை. அச்செலவினை ஏற்க மறுப்போர் அதனை நடுநிலை என்ற பெயரால் மறைத்தல் தகாது.

அதேவேளை கிராமியப் பயிற்சிமுறையினை இலட்சியமாகப் புனைந்துரைப்பதும் விமர்சனமாகாது. கூத்து மரபிலே பெண்பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். யார் ஆடலாம், யாருடன் ஆடலாம் என்பதைச் சாதி நிர்ணயித்த களரிகள் பல. பெண்பிள்ளைகளும் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளும் மேடையேறும் உரிமையைப் பாடசாலை பெருமளவுக்கு விரிவாக்கியது. பொதுக்கல்வி கலைக்குச் செய்த மெய்யான நன்மை இதுவாகும். இந்நன்மையைக் காத்துக்கொண்டே கலையின் கடுமையையும் மீட்பது எவ்வாறு என்பதே பிரச்சினை.

இங்கு எவருடைய கலை பாடமாகின்றது என்ற கேள்வியும் தவிர்க்க முடியாதது. தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் இசை எனில் கர்நாடக சங்கீதம், நடனம் எனில் பரதநாட்டியம் என்றே பொருள்படுகின்றது. பறையும் கும்மியும் கரகமும் பெரும்பாலும் விழா நிகழ்ச்சிகளாக ஒதுங்குகின்றன. ஆசிரிய நியமனத்திலும் இதே நிலைதான். கூத்தினைப் பற்றிப் படித்துப் பட்டம் பெற்றவர் ஆசிரியராகலாம். நாற்பது ஆண்டுகள் கூத்தினைப் பழக்கிய அண்ணாவியார் ஆசிரியராக முடியாது. தராதரப் பத்திரம் தராதரத்தின் இடத்தைப் பிடித்துக் கொள்வதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கலைகளை ஏனைய பாடங்களுடன் ஒருங்கிணைத்தல் என இக்காலத்துக் கல்வியியலாளர் முன்வைக்கும் தீர்வும் இந்நோக்கிலேயே ஆராயப்படல் வேண்டும். பெருக்கல் வாய்பாட்டுக்கு மெட்டமைத்துப் பாடுவதனாற் கணிதம் மனத்திற் பதியலாம், இசை கற்பிக்கப்பட்டதாகாது. மற்றொரு பாடத்துக்கு ஏவல் செய்வதற்காகவே கலை அழைக்கப்படுமாயின் அது ஒருங்கிணைப்பாகாது. மாறாக, ஒரு வகுப்பு தனது ஊரின் கூத்தொன்றை ஒரு தவணை முழுவதும் பழகுமாயின், பாடலின் சொல்லும் யாப்பும் தமிழ்ப் பாடத்துக்கும், கதையின் பின்னணி வரலாற்றுக்கும், களரியைச் சூழ்ந்த உறவுகள் சமூகக் கல்விக்கும் உரியனவாகும். மையத்திற் கூத்து கூத்தாகவே நிற்கும். மட்டக்களப்புச் சீலாமுனையில் கலாநிதி சி. ஜெயசங்கரும் கூத்துக் கலைஞரும் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்க முயற்சி, கூத்தினை அதன் சமூகத்துடன் இருந்தே மறுபரிசீலனை செய்யலாம் என்பதைக் காட்டியுள்ளது. பாடசாலைக்கும் இது பொருந்தும்.

இவற்றைக் கொண்டு நோக்கும்போது செய்யவேண்டியவை சில தெளிவாகின்றன. எழுத்துப் பரீட்சையின் பங்கு குறைந்து பயிற்சிக் காலக் கணிப்பீட்டின் பங்கு உயர்தல் வேண்டும். குழுவாக ஆடியது குழுவாகவே மதிப்பிடப்படல் வேண்டும். அண்ணாவியாரும் ஏனைய மரபுக் கலைஞரும் ஊதியமும் மதிப்பும் பெறும் பயிற்றுநராகவும் பரீட்சகராகவும் பாடசாலைக்குள் வரவேண்டும். பட்டதாரி ஆசிரியரை இது விலக்குவதன்று. அவர் அறியாததை அறிந்தவரோடு அவரை இணைப்பதாகும். கலை பயில்வதனாற் கல்வித் தராதரம் தாழுமா என்று கேட்போர், சதங்கை கட்டும் தகுதிக்காக மாதக்கணக்கிற் காத்திருந்த ஆட்டக்காரனின் உழைப்பையும், ஒரே இரவில் மனனஞ் செய்த குறிப்பினையும் அருகருகே வைத்து நோக்கட்டும். தாழ்ந்திருப்பது எது என்பது அப்போது புலனாகும்.