ஆர்ட்டீமியா பொரிப்பான்: வாங்குவதானால் இரண்டாக வாங்குங்கள்

ஆர்ட்டீமியா, மீன்குஞ்சுகளுக்கு இரையாகும் சிறு உப்புநீர் உயிரி. கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இணையத்தில் விற்கும் ஆர்ட்டீமியா பொரிப்பான்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, காற்றடிப்பு தேவைப்படாத தட்டையான வட்டத் தட்டு. மற்றது, அடிமுனை குறுகிய, கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் கூம்பு. இரண்டாவதைத்தான் தூத்துக்குடி வெயிலில் வைத்துச் சோதித்தேன். கூம்பே மேல். அடியிலிருந்து கிளம்பும் காற்று முட்டைகளை ஓரிடத்தில் தங்கவிடாமல் சுழற்றுகிறது. தட்டில் ஒரு சிட்டிகை முட்டைக்கு மேல் போட்டால் மூச்சுமுட்டிப் பாதி வீணாகும்.

பெட்டியோடு வரும் ஹீட்டரை எடுத்து வைத்துவிடலாம். முட்டை பொரிய வேண்டிய 28 முதல் 30 டிகிரி வெப்பம் நம் வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறது. செயற்கைக் கடல் உப்புப் பொட்டலமும் வேண்டாம். லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் கல்லுப்பு போதும். ஆனால் வெறும் உப்புத் தண்ணீரின் காரத்தன்மை போதாது. ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்து பிஎச் அளவை 8-க்கு மேல் கொண்டுவர வேண்டும். துறைமுகப் பக்கத்துக் கடல்நீரை எண்ணெய்க்குப் பயந்து நான் தொடுவதில்லை. லிட்டருக்கு ஒரு கிராம் முட்டை போட்டு, மேலே விளக்கெரியவிட்டால் ஒரு நாளில் பொரிந்துவிடும். நல்ல சரக்கென்றால் ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கு மேல் குஞ்சு கிடைக்கும்.

அறுவடையில்தான் கருவியின் தரம் தெரிகிறது. காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் தங்கும். மேற்பகுதியைக் கறுப்புத் தாளால் மூடி, கீழே டார்ச் அடித்தால் குஞ்சுகள் வெளிச்சத்துக்கு இறங்கிவரும். அடிக்குழாயைத் திறந்து முதலில் வரும் கொஞ்சத்தைக் கொட்டிவிட்டு, மற்றதை மெல்லிய வலையில் பிடிக்க வேண்டும். ஓடு கலந்தால் மீன்குஞ்சின் குடலை அடைக்கும். இந்த அடிக்குழாய்தான் கூம்பின் பலவீனம். உப்பு படிந்து இறுகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். மின்சாரம் போனால் நெருக்கமாக இருக்கும் குஞ்சுகள் சீக்கிரம் சாகும் என்பதால் பேட்டரியில் ஓடும் காற்று பம்பு அவசியம். நம் கடற்கரையின் ஈரக்காற்று திறந்த முட்டை டப்பாவைக் கெடுத்துவிடும். காற்றுப் புகாமல் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இனி முக்கியமான விஷயம். வெளிநாடுகளில் பச்சோந்தி வளர்ப்பவர்கள் சுவர்க்கோழிக்குக் கீரையும் காய்கறியும் கொடுத்து வயிறு நிரப்பி, சுண்ணாம்புச் சத்துத் தூளில் புரட்டிய பிறகே இரையாகப் போடுகிறார்கள். பூச்சியையும் மாற்றி மாற்றித் தருகிறார்கள். (இந்தியப் பச்சோந்தியை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. இங்கே யாரும் வீட்டில் வளர்க்கக் கூடாது.) நம் மீன்களுக்கும் அதே விதிதான்: இரைக்கு முதலில் சத்து ஊட்ட வேண்டும். பொரிந்தவுடன் ஆர்ட்டீமியாக் குஞ்சு மஞ்சள்கருவோடு, கொழுத்து இருக்கும். சுமார் எட்டு மணி நேரத்தில் தோலுரித்த பிறகுதான் அதற்கு இரை எடுக்க வரும்; அதற்குள் சேமிப்பில் ஒரு பங்கு கரைந்துவிடும். அந்தச் சேமிப்பிலும் கடல்மீன் குஞ்சுக்கு மிக வேண்டிய டிஎச்ஏ கொழுப்பு அமிலம் ஏறக்குறைய இல்லை. இதை மட்டுமே தின்று வளரும் நீமோ மீன்குஞ்சுகள் சில நாள் துள்ளிவிட்டுக் கொத்தாகச் சாவதற்கு இந்தக் குறை ஒரு முக்கியக் காரணம்.

அதனால்தான் இரண்டாவது கூம்பு. தோலுரித்த குஞ்சுகளை அதில் விட்டு, ஐசோகிரைசிஸ் நுண்பாசியோ, மீன் எண்ணெய்ப் பால்மமோ கொடுத்துச் சுமார் 12 மணி நேரம் தின்னவிட வேண்டும். பால்மம் தண்ணீரைச் சீக்கிரம் கெடுக்கும்; அலசாமல் மீன்தொட்டிக்குள் விடாதீர்கள். உடனே போட முடியாத குஞ்சை ஃப்ரிட்ஜில் வைத்தால் சத்துக் கரைவது குறையும்.

ஐசோகிரைசிஸ் இந்த ஊருக்குப் பழைய சங்கதி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி 1973-இல் இங்கே வளர்ப்பு முத்தை உருவாக்கினார். 1981-இல் அதே நிறுவனத்தின் தூத்துக்குடி ஆய்வகம் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே வளர்த்தெடுத்தபோது அவற்றுக்கு ஊட்டியது இந்தப் பாசியைத்தான். எந்த விலை உயர்ந்த பொரிப்பானைவிடவும் ஒரு குடுவை நல்ல பாசி பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புதிதாகப் பிறந்த நீமோவின் வாய்க்கு ஆர்ட்டீமியாவே பெரிது. அதற்கு முதல் நாட்களில் பாசி தின்ற ரோட்டிஃபர் என்னும் நுண்விலங்கு வேண்டும், முடிந்தால் இடையில் டிஎச்ஏ நிறைந்த கோப்பிபாட் என்னும் சிறு ஓட்டுயிரியும். வளர்ந்த மீனுக்கு நம் உப்பளப் பாத்திகளில் சிவந்து நீந்தும் பெரிய ஆர்ட்டீமியாவே அருமையான தீனி. அளக்காரரிடம் கேட்டு வலைபோட்டு, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்கலாம். அங்கே இயல்பாக வாழ்வது ஆண் இல்லாமலே பெருகும் வகை. டப்பாவில் வருவது பெரும்பாலும் அமெரிக்காவின் பிரான்சிஸ்கானா வகை. இந்திய உப்பளங்களில் அது ஏற்கெனவே நுழைந்து உள்ளூர் வகையை நெருக்குகிறது. ஆகவே கூம்பில் மிஞ்சிய தண்ணீரையும் பொரியாத முட்டையையும் சாக்கடையிலோ பாத்தியிலோ ஊற்றாமல், ஒருமுறை கொதிக்கவைத்த பிறகே கொட்டுங்கள்.