பரணில் கிடந்த லேப்டாப்

நாகலூர்ப் பக்கம் ஒரு வீட்டுப் பரணிலிருந்து அந்த லேப்டாப் இறங்கியபோது இரண்டு பழைய ஸ்வெட்டருக்குள் சுற்றி, சாக்குப் பையில் போட்டுக் கட்டியிருந்தது. மூடியில் தமிழ்நாடு அரசின் கோபுர முத்திரை பாதி தேய்ந்திருந்தது. கீல் இரண்டும் துருப்பிடித்து, திறக்கும்போது பழங்கதவு போல முனகின. சார்ஜரைச் செருகி ஆன் செய்தேன். தேதி 2010 ஜனவரி 1 என்று காட்டி, எஃப்1 விசையை அழுத்தச் சொல்லி அப்படியே நின்றது.

“இது செத்துப்போச்சுண்ணா. சேலத்துல கடைக்காரரு பாத்துட்டு, இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிக்கலாம்னுட்டாரு” என்றார் லேப்டாப்பின் சொந்தக்காரர். 2013இல் பிளஸ் டூ படிக்கும்போது பள்ளியில் கொடுத்தது. இப்போது அவர் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறார். அவருடைய அக்கா மகன் இந்த வருஷம் பிளஸ் டூ. அவனுக்காகத்தான் பரணில் ஏறியிருக்கிறார்.

சாகவில்லை. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். அது தீர்ந்தால் கணினிக்கு நேரம் மறந்துவிடும். நேரம் மறந்த கணினியில் பெரும்பாலான இணையதளங்கள் திறக்காது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் ‘இன்னும் தொடங்காத’ தேதியில் இருப்பதாக பிரவுசர் நினைத்துக்கொள்ளும். வைஃபை இருக்கிறது, சிக்னல் இருக்கிறது, நெட் மட்டும் வரவில்லை என்று மூலையில் போட்ட லேப்டாப்கள் நம்மூரில் எத்தனையோ. 30 ரூபாய்ச் சமாசாரம்.

இரண்டு மாதமாக ஏற்காட்டில் மூன்று பழைய லேப்டாப்களில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுப் பார்க்க முயன்றேன். ஒன்று இந்தப் பரண் லேப்டாப்: 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். இரண்டாவது, 2018இல் கொடுத்த இன்னொரு கவர்மெண்ட் லேப்டாப், 4 ஜிபி ராம். மூன்றாவது, ஆன்லைனில் 10,000 ரூபாய்க்குள் விற்ற சின்ன லேப்டாப், 32 ஜிபி சேமிப்பு மட்டும். மூன்றாவதன் கதை சோகம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பரண் லேப்டாப்பில் கை வைக்கும் முன் செய்தது ஒரே வேலை: உள்ளே இருந்ததை மீட்டது. மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, எதையும் நிறுவாமல் அங்கிருந்தே ஓடவிடலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கை மின்ட் அமைதியாகத் திறந்தது. பிளஸ் டூ பிரிவுபசார விழாப் போட்டோக்கள், கிள்ளியூர் அருவியில் எடுத்த வீடியோ, காலமாகிவிட்ட அப்பா காப்பிக் களத்தில் நிற்கும் ஒரு படம். அந்தப் படத்தைப் பார்த்ததும் லேப்டாப்பின் சொந்தக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். ஓஎஸ் மாற்றும் எவரும் முதலில் இதைச் செய்ய வேண்டும். ‘ஃபார்மட் போட்டுத் தர்றேன்’ என்று சொல்லும் கடையில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

அந்த டிஸ்க்கில் இன்னொரு பகுதியும் இருந்தது. பாஸ் லினக்ஸ்.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் வாங்கிய தொடக்க கால லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கி, 2007இல் வெளிவந்த நம் நாட்டு இயங்குதளம் அது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வேலை செய்வதற்கென்றே கட்டியது. மடிக்கணினித் திட்டத்துக்கும் முன்னால், ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், அரசு அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றும் முயற்சி நடந்தது. ஆக, தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதுசு இல்லை. லட்சக்கணக்கான வீடுகளுக்குள் அரசே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது.

பாஸ் பகுதிக்குள் போய் லேப்டாப் சொந்தக்காரருடைய ஹோம் ஃபோல்டரைத் திறந்தேன். ஒரு ஃபைல்கூட இல்லை. கடைசியாக மாறிய தேதி, லேப்டாப் கைக்கு வரும் முன்னாலுள்ள தேதி.

“ஆன் பண்ணா ரெண்டு வரி வரும்ணா. ரெண்டாவதை அமுக்குனா லேப்டாப் கெட்டுடும்னு கிளாஸ்ல எல்லாரும் பேசிக்குவாங்க. நான் ஒரு தடவைகூட அமுக்கல.”

அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. பொருளைக் கொடுத்தோம், பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆளைக் கொடுக்கவில்லை. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், இப்போதைய கைட், இதை வேறு விதமாகச் செய்தது. முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பிறகு லினக்ஸை வைத்தே பாடப்புத்தகம். அங்கே பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வே லினக்ஸில்தான் நடக்கிறது. நம் பிள்ளைகள் எவ்விதத்திலும் குறைந்தவர்கள் இல்லை என்பதால்தான் இந்த வித்தியாசம் எனக்கு உறுத்துகிறது.

சரி, சோதனைக்கு வருவோம். மின்ட்டின் ஐஎஸ்ஓ ஃபைல் 3 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. ஊருக்குள் சிக்னல் இரண்டு கோட்டைத் தாண்டாததால், ஒண்டிக்கடைப் பக்கம் போய் உட்கார்ந்து இறக்கினேன். பின்மூடியைக் கழற்றும்போது ஒரு திருகு மட்டும் சேர்வராயன் மலை ஈரத்தில் துருவேறி வழுக்கியது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரவு முழுக்க ஊறவைத்த பிறகுதான் வந்தது. உள்ளே மின்விசிறியில் பஞ்சு மெத்தை மாதிரித் தூசு. பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன், சேலத்தில் 1,700 ரூபாய். இரண்டாவது ராம் குழி காலியாக இருந்தது. அதில் கைமாறி வந்த 4 ஜிபி டிடிஆர்3 ராம், 600 ரூபாய். காசு பேட்டரியோடு மொத்தம் 2,330.

மின்ட் ஏற 20 நிமிடம். வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்ச விசைகள் எல்லாம் தானாகவே வேலை செய்தன. எந்த டிரைவரையும் தேடவில்லை. மூடியை மூடித் திறந்தால் மட்டும் சில சமயம் திரை இருட்டாகவே நிற்கிறது. மூடினாலும் தூங்காதே என்று பவர் அமைப்பில் மாற்றி வைத்துவிட்டேன்.

வேகக் கணக்கை நேர்மையாகச் சொல்ல வேண்டும். லினக்ஸ் போட்டால் பறக்கும் என்று சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். 2018 லேப்டாப்பில் நான்கு விதமாக ஓடவிட்டு, ஆன் செய்ததிலிருந்து பிரவுசர் திறக்கும் வரை கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 10: 3 நிமிடம் 40 விநாடி. அதே டிஸ்க்கில் மின்ட்: 1 நிமிடம் 35 விநாடி. எஸ்எஸ்டியில் விண்டோஸ்: 48 விநாடி. எஸ்எஸ்டியில் மின்ட்: 26 விநாடி. பெரிய மாற்றத்தைக் கொண்டுவருவது எஸ்எஸ்டி. கையில் 1,700 ரூபாய் மட்டும் இருந்தால் முதலில் அதற்குத்தான் செலவிடுங்கள்.

அப்படியென்றால் லினக்ஸ் எதற்கு? ராமுக்கு. சும்மா நிற்கும்போதே அந்த லேப்டாப்பில் விண்டோஸ் 2 ஜிபிக்கு மேல் பிடித்துக்கொள்கிறது, மின்ட் சுமார் 800 எம்பி. நான்கில் இரண்டு போனால் பிரவுசரில் மூன்றாவது டேபுக்கே மூச்சு முட்டும். இன்னொரு காரணம் அதைவிடப் பெரியது. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் பொதுவில் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சிப்பும் புதிய தலைமுறை பிராசசரும் இந்தப் பழைய லேப்டாப்களில் கிடையாது. நம்மூரில் இதற்குச் செய்யும் வைத்தியம் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு கிராக் போட்ட விண்டோஸை ஏற்றுவது. அந்த லேப்டாப்பில்தான் மகளிர் குழுவின் வங்கிக் கணக்கையும் திறக்கிறார்கள். எனக்கு அது பயமாக இருக்கிறது. மின்ட் 22க்கு 2029 வரை அப்டேட் வரும், காசும் கிடையாது.

பிளஸ் டூ படிக்கும் அக்கா பையன் பார்ப்பது கல்வி தொலைக்காட்சிப் பாடங்களும் யூடியூப் இயற்பியல் வகுப்புகளும். பரண் லேப்டாப்பில் 1080 தரத்தில் படம் திணறித் திணறி வந்தது. யூடியூப் இப்போது அனுப்பும் வீடியோ வடிவங்களை அந்தக் காலத்துச் சிப்பால் தானாக விரிக்க முடியாது, முழுச் சுமையும் பிராசசர் தலையில் விழுகிறது. பழைய எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும் ஒரு சின்ன பிரவுசர் இணைப்பைப் போட்டேன். 720 தரத்தில் ஒரு மணி நேரப் பாடம் தடங்கலில்லாமல் ஓடியது. கரும்பலகை எழுத்து வாசிக்க அது தாராளம்.

தமிழ் விஷயத்தில்தான் எனக்கு அதிக மகிழ்ச்சி. ஐபஸ்ஸும் எம்17என் விசைப்பலகைத் தொகுப்பும் நிறுவினால் தமிழ்99 வந்துவிடுகிறது. பையனுக்கு நான் காட்டியது ஒரே சொல்: அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு, திரையில் ‘அம்மா’. இரட்டிக்கும் மெய்க்குப் புள்ளி தானாக விழுவதைப் பார்த்துவிட்டு, “சித்தி, இங்க பாருங்க, புள்ளியே வைக்கல, அதுவா வெச்சுக்குது!” என்று கத்தினான். அரை மணி நேரத்தில் தன் ஊர்ப்பெயர், பள்ளிப்பெயர், தெய்வத்தின் பெயர் எல்லாம் அடித்து முடித்தான்.

மகளிர் குழுவின் பழைய தீர்மானங்களைத் திறந்தபோதுதான் சிக்கல். பாமினி எழுத்துருவில் அடித்தவை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கிறுக்கலாகத் தெரிந்தன. பழைய டிஸ்க்கிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்துப் போட்டதும் வாசிக்க முடிந்தது. ஆனால் தேட முடியாது, வாட்ஸ்அப்பில் ஒட்டினால் மறுபடி கிறுக்கல்தான். யூனிகோடுக்கு மாற்றிக்கொடுக்க ஒரு மாலை முழுக்கப் போனது. இது லினக்ஸின் குறை இல்லை, நாம் இருபது வருஷமாக ஊருக்கொரு எழுத்துரு வைத்துக்கொண்டதன் பாக்கி. மின்ட்டையே தமிழில் மாற்றினால் மெனுவில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம். தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தது அவ்வளவுதான் வந்திருக்கிறது. கைகொடுக்க ஆள் வேண்டும். தமிழிலேயே லினக்ஸ் கற்க நினைப்பவர்களுக்கு 2012 முதல் கணியம் இதழ் இருக்கிறது. நானும் அங்கேதான் கற்றேன்.

மழைக்காலத்தில் காற்றடித்தால் சில்வர் ஓக் கிளை கம்பியில் விழும், கரண்ட் போகும். பரண் லேப்டாப்பின் பேட்டரி ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. அதனால் அந்த பேட்டரியைக் கழற்றிவிட்டு, எழுதிக்கொண்டிருக்கும்போதே சார்ஜரை வேண்டுமென்றே பத்து முறை பிடுங்கிப் பார்த்தேன். பத்து முறையும் மின்ட் ஒழுங்காக எழுந்தது. லிப்ரே ஆபீஸில் கடைசிச் சில நிமிட எழுத்து மட்டும் போனது. தானியங்கிச் சேமிப்பை 2 நிமிடத்துக்கு மாற்றிய பிறகு அந்த நஷ்டமும் குறைந்தது.

எஸ்டேட் ஆபீஸில் கணக்குப் பார்க்கும் நண்பர் தனக்கும் மாற்றித் தரச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் நாள் முழுக்க டேலியில் இருப்பவர், அது விண்டோஸுக்கானது. அவருடைய சின்ன லேசர் பிரிண்டரையும் லினக்ஸில் ஓடவைக்க நான் மூன்று மணி நேரம் போராடித் தோற்றேன். இருக்கும் பிழைப்பைக் கெடுத்து ஓஎஸ் மாற்றக் கூடாது. படிக்கும் பிள்ளைகள், விண்ணப்பம் போடுபவர்கள், கடிதம் எழுதுபவர்கள், குழுக் கணக்கை எக்செல் மாதிரி அட்டவணையில் வைப்பவர்கள், இவர்களுக்கு மின்ட் போதும். வேர்டில் செய்த அரசு விண்ணப்பப் படிவங்களில் கட்டங்கள் சில இடம் மாறும், பிடிஎஃப் ஆக வாங்கிக்கொள்வது நல்லது.

மூன்றாவது லேப்டாப்: 64 பிட் சிப்பை 32 பிட் பயாஸோடு சேர்த்து விற்றிருக்கிறார்கள். மின்ட் ஏற மறுத்தது. வேறொரு லினக்ஸ் ஏறியது, ஒலி வரவில்லை. ராமும் சேமிப்பும் போர்டிலேயே பற்றவைத்தவை, மாற்ற வழியில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்தேன். பழைய லேப்டாப் வாங்க நினைப்பவர்கள் பின்னால் திருகு இருக்கிறதா, ராமும் டிஸ்க்கும் தனியாகக் கழல்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இந்த ஒரு விஷயத்தில் கனமான, அழகில்லாத கவர்மெண்ட் லேப்டாப் அந்த மெல்லிய லேப்டாப்பைவிட எவ்வளவோ மேல்.

பரண் லேப்டாப் இப்போது ஜன்னலோரம் மேசையில் இருக்கிறது. பனி இறங்கும் நேரத்தில் மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் போனபோது பையன் ராம் எவ்வளவு மிச்சம் என்று எனக்கே காட்டினான். மஞ்சக்குட்டையிலிருந்து அவன் நண்பர்கள் இருவர் தங்கள் வீட்டு லேப்டாப்களைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்றுக்குச் சார்ஜர் இல்லை. இன்னொன்றில் தேதி 2010 ஜனவரி 1.