காலை வணக்கத்தைக் களையெடுக்கும் நோட்பேட் பிளஸ் பிளஸ்

எங்கள் பக்கத்து விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் மேட்டூர் நீர்மட்டம், வரத்து, கல்லணையில் எந்த ஆற்றுக்கு எத்தனை கன அடி என்று யாராவது ஒரு புண்ணியவான் தினமும் போட்டுவிடுவார். அதற்கு மேலும் கீழும் ரோஜாப்பூவும் காலை வணக்கமும். வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 தொடங்கி சம்பா அறுவடை வரை சேர்ந்த உரையாடலை எக்ஸ்போர்ட் செய்தால் பெரிய டெக்ஸ்ட் கோப்பு ஒன்று வரும். அதில் வேண்டாத வரிகளை நீக்கத்தான் இந்த இலவச மென்பொருள்.

டான் ஹோ 2003இல் வெளியிட்டது. மற்ற அம்சங்களெல்லாம் தெரிந்ததே. நான் சொல்ல வந்தது ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது வடிவம் கொடுத்துத் தேடும் முறையைப் பற்றி. ‘மார்க்’ பலகையில் ‘புக்மார்க் லைன்’ டிக் செய்து ‘வணக்க’ என்று தேடினால் வணக்கம், வணக்கங்கள் எல்லாம் சிக்கும். பிறகு புக்மார்க் வரிகளை நீக்கு என்றால் வெற்று வரிகூட மிஞ்சாது. ஆனால் ‘வணக்கம், மேட்டூர் 98 அடி’ என்ற வரியும் கூடவே போய்விடும். அதற்கு மருந்து:

^(?!.*மேட்டூர).*வணக்க.*$

மேட்டூர் இல்லாத வணக்கம் மட்டும் போகட்டும் என்று பொருள். ‘ர்’ போடாமல் ‘ர’ போட்டதைக் கவனியுங்கள். யுனிகோடில் ‘ர்’ என்பது ர-வும் புள்ளியும். ‘ரி’ என்பது ர-வும் இகரக் குறியும். புள்ளி வைத்துத் தேடினால் ‘மேட்டூரில்’ அகப்படாது. ‘நெல்’ நமக்கு இரண்டெழுத்து, மென்பொருளுக்கு நான்கு. அது போதாதென்று, ‘நெல்’ என்று தேடினால் திருநெல்வேலியையும் இழுத்து வரும்!

இதைவிட எரிச்சல் ‘கொள்முதல்’. சிலர் கணினியில் ‘கொ’வின் குறி ஒன்றாகவும், சிலருடையதில் கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதிவாகிறது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தேடலோ ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டுவிடும். ‘ள்முதல’ என்று தேடித் தப்பிக்கலாம். தமிழுக்கென்று யாரும் யோசித்துச் செய்யவில்லை என்பது இங்கேதான் உறைக்கிறது.

நீக்குவதைவிட வைத்துக்கொள்வதே சுலபம்: ‘மேட்டூர|நீர் ?மட்ட|கன ?அடி’ என்று குறித்துவிட்டு, புக்மார்க் இல்லாத வரிகளை நீக்குங்கள். ஒரே செய்தி பல வரிகளாக உடைந்திருந்தால் தேதி முதல் வரியில் மட்டும் இருக்கும். அந்த வரி தப்பியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் தயங்காமல் நிறுவலாம். மூலக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ‘.’ புதுவரியையும் பிடிக்கும் என்ற பெட்டியில் மட்டும் டிக் வேண்டாம். அது இருந்தால் ரீபிளேஸ் செய்யும்போது ஒரே அடியில் பல வரிகளைச் சேர்த்துப் பிடித்து, வேண்டிய வரிகளையும் அழித்துவிடக்கூடும்.