கரை வகுத்தவரும் பாலம் கட்டியவரும்: ‘ஹிகாயத் அப்துல்லா’வும் சிங்கப்பூர் ஆறும்

சிங்கப்பூர் ஆற்றின் தென்கரை சதுப்பாகக் கிடந்த நாளில், வணிகப் பகுதியை எங்கே அமைப்பது என்று ராஃபிள்ஸ் நிகழ்த்திய ஆலோசனையை, 1849இல் அச்சேறிய ‘ஹிகாயத் அப்துல்லா’ விரிவாகவே சொல்கிறது. அதன் ஆசிரியர் முன்ஷி அப்துல்லா மலாய் மொழியில் எழுதியவர். எனினும் தமிழ் முஸ்லிம் மரபினர், மலாக்காவில் இளமையிலேயே தமிழ் கற்றவர். தமிழாய்வு அவரைப் பெரிதும் பொருட்படுத்தாதது வியப்புக்குரியது.

குன்றை வெட்டிச் சதுப்பைத் தூர்த்த கூலிகளையும் அப்துல்லா காண்கிறார். ஆயின் அதிகாரிகளின் வாதத்துக்கு அவர் அளிக்கும் உரையாடல் வடிவம் அவர்களுக்குக் கிட்டவில்லை. கூலி பெறும் கூட்டமாகவே அவர்கள் கடந்துபோகிறார்கள். கூர்ந்து நோக்கும் கண் படைத்த ஒருவரிடம் இது சிறு குறையன்று.

வடகரை அரசுக்கு, தென்கரை சீனருக்கு, அதற்கு மேலே ஆற்றோரம் சூலியாக்களுக்கு என 1822இல் வகுக்கப்பட்ட திட்டத்தை இனவாரிப் பிரிவினையாக மட்டும் வாசிப்பது ஆய்வுலகில் வழக்கம். அவ்வாசிப்பு போதாது. ஐரோப்பிய வணிகரின் அலுவலகங்கள் தென்கரையில் இருந்தன. அவர்தம் இல்லங்களோ வடகரைப் பக்கம் இருந்தன. ஆற்றை விரும்பியபோது கடக்கும் வசதி ஒரு வகுப்பின் அடையாளமாயிற்று. தென்கரையில் உழைத்தவர் அங்கேயே நெருக்கியடித்து உறங்கினர்.

அப்துல்லா மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்குப்பின், 1869இல் எழுந்த கேவனா பாலம் இதை இன்னும் துலக்குகிறது. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பில் உருவான இறுதிப் பெரும்பணி என அது குறிக்கப்படுகிறது; அக்கைதிகளுள் சென்னை மாகாணத்தாரும் இருந்தனர். பெயரோ ஆளுநருடையது. பாலம் தாழ்வாக அமைந்ததால், நீர் ஏறிய வேளைகளில் தொங்கான்கள் அடியில் நுழைய இயலாது காத்துக்கிடந்தன. மேலே நடந்தவர்க்கு அத்தடை இல்லை. 1910இல் ஆண்டர்சன் பாலம் திறந்தபின் கேவனா பாலம் நடப்போர்க்கு உரியதாயிற்று. 3 அந்தருக்கு மேற்பட்ட வண்டிகளையும் மாடு, குதிரைகளையும் விலக்கும் அறிவிப்பு இன்றும் அங்கே நிற்கிறது. அப்துல்லாவின் நூலில் பேச்சற்று நின்றவர்கள் இந்த அறிவிப்பிலும் பெயரின்றியே இடம்பெறுகிறார்கள்: வண்டியும் மாடும் விலக்கப்படுகையில் அவற்றை ஓட்டி வந்தவர் யாரென்று அது சொல்வதில்லை.

1983இல் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்குக்கு அகற்றப்பட்டன. ஆறு தூய்மையாயிற்று, தென்கரைக் கிடங்குகள் உணவகங்களாயின.