பஞ்சுப் பனியும் ஐப்பசி மழையும்

சென்னையின் மழலையர் பள்ளிகளுக்கு மழைக்காலம் ஜூலையில் ஒரு நாள் காலை பத்து மணிக்குத் தொடங்கி மதிய உணவுக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குப் பெயர் ‘ரெய்னி டே’. பிள்ளைகளுக்கு நீல உடை, கையில் அட்டையில் வெட்டிய குடை, பிளாஸ்டிக் தொட்டியில் மிதக்கக் காகிதக் கப்பல். கைகளை மேலும் கீழும் ஆட்டி ஒரு மழைப் பாட்டு. மாலைக்குள் படங்கள் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேரும். வெளியே பெரும்பாலும் 35 டிகிரி வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

தென்காசிக்கும் நாகர்கோவிலுக்கும் ஜூலை சரியாக இருக்கலாம்; தென்மேற்குப் பருவமழை அங்கே வருகிறது. சென்னைக்கோ ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கிடைப்பது. அந்த மழை உண்மையாகவே வரும்போது ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார், பள்ளி பூட்டிக் கிடக்கும், பிள்ளை ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நிற்கும். அதே பள்ளியில் அக்டோபரில் ஆரஞ்சு நிற மேப்பிள் இலைகளும் டிசம்பரில் பஞ்சை உருட்டி ஒட்டிய பனிமனிதனும் வகுப்புச் சுவருக்கு வரும். நம் தெருமரங்கள் அக்டோபரில்தான் மழை குடித்துப் பச்சையாக நிற்கின்றன என்பதை அந்தச் சுவரின் அடியில் உட்காருகிற யாரும் கண்டதாகத் தெரியவில்லை.

இதைக் குறை சொன்னால் வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான். பிள்ளைகளின் விரல் பழகுகிறது, நாக்கு பழகுகிறது, அவர்கள் மகிழ்கிறார்கள், இதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? கூடவே 2020 தேசியக் கல்விக் கொள்கை விளையாட்டு வழிக் கற்றலைச் சொல்வதையும், தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் பாட்டுக்கும் செயல்பாட்டுக்கும் இடம் கொடுத்திருப்பதையும் எடுத்துக்காட்டுவார்கள். ஒப்புக்கொள்கிறேன். கத்தரியும் பசையும் பிடித்த கை பென்சிலை நன்றாகப் பிடிக்கும். சந்தத்தோடு பாடிய சொல் எளிதில் மறக்காது. கரும்பலகையும் பிரம்பும் மட்டுமே இருந்த வகுப்பை நினைத்தால் இது எவ்வளவோ மேல். மாதிரிப் படத்தைப் பார்த்து அம்மாக்கள் இரவில் ஒட்டி முடிக்கிற கைவேலைக்குப் பிள்ளையின் பெயரில் பரிசு கொடுப்பதைக்கூட ஒரு பெரிய குற்றமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

என் மறுப்பு வேறு, பழையது. இந்தக் கொண்டாட்டங்களில் பருவம் முதலில் வருவதில்லை. முதலில் நாள்காட்டி வருகிறது, பிறகு சார்ட் அட்டை, பிறகு பாட்டு. இவை எல்லாம் முடிந்த பிறகு பிள்ளை வெளியே பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. மழையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அட்டையில் ஒட்டியாயிற்றே.

நாட்டுப்புறத்துப் பிள்ளைகளும் பருவத்துக்கொரு கைவேலை செய்தவர்கள்தாம். ஆனால் அவர்கள் கைக்குப் பொருளைக் கொடுத்தது பருவம். நுங்கு சீவித் தின்றால்தான் நுங்கு வண்டிக்குச் சக்கரம் கிடைக்கும். ஆகவே அது வேனில்கால வண்டி. ஓலைக் காற்றாடி செய்யக் கருவேல முள்ளும் பனையோலையும் எந்த மாதத்திலும் கிடைக்கும்தான், ஆனால் ஆடிக்காற்று வந்தால்தான் அது சுழன்று தள்ளும். வடமாவட்டங்களில் கார்த்திகைத் தீபத்துக்குத் தீப்பொறி பறக்க மாவளி சுற்றுவதற்கு ஆண்பனையின் பூவைக் காயவைத்து, மூட்டம் போட்டு, கரியை இடித்துத் துணியில் பொதிந்து கட்ட வேண்டும். கொங்குப் பக்கம் பொங்கலுக்கு முன் காப்புக் கட்டப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் பறித்துவரப் பிள்ளைகளைத்தான் அனுப்புவார்கள்; எந்த வரப்பில் பூளை பூத்திருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். இந்த வேலைகளில் எதையும் மாதம் மாற்றிச் செய்துவிட முடியாது. பஞ்சும் மினுக்குத் தூளும் ஃபோம் ஷீட்டும் பன்னிரண்டு மாதமும் கடையில் கிடைக்கின்றன. பருவம் கொடுக்காத பொருளைக் கொண்டு பருவத்தைக் கொண்டாட முடியாது என்பேன்.

பாட்டுகளின் கதை இன்னும் மோசம். மழைப் பாட்டென்றால் குடை, தவளை, கப்பல். வெயில் பாட்டென்றால் சூரியன், தொப்பி, ஐஸ்கிரீம். மழை என்ற சொல்லை எடுத்துவிட்டு வெயிலைப் போட்டு, குடையின் இடத்தில் தொப்பியை வைத்தால் பாட்டு அப்படியே ஓடுகிறது. எந்த ஊரின் மழை, எந்த மாதத்து மழை, மழைக்கு முன்னால் எந்தப் பூச்சி வந்தது, மண்ணிலிருந்து எது முளைத்தது என்று ஒன்றும் கிடையாது. குழந்தைக்கு எளிமை வேண்டும் என்று சொல்லிக்கொண்டு விவரத்தை நீக்கிவிடுகிறார்கள். குழந்தை விரும்புவதோ விவரத்தைத்தான்.

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பைப் பற்றி எழுதிய பாட்டு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் நாவில் தலைமுறைகளாக இருக்கிறது. ஆடிப்பிறப்பும் ஜூலை நடுவில் வருவது. நம் ‘ரெய்னி டே’ நடக்கும் அதே மாதம். விடுமுறை என்ற குதூகலத்தில் தொடங்கி, கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் என்னென்ன போகின்றன, எது இடிபடுகிறது, எது துருவப்படுகிறது, யார் கிண்டுகிறார்கள் என்று ஓர் அடுக்களை முழுவதையும் அந்தப் பாட்டு சொல்லிவிடும். கடைசியில் பிள்ளைகள் பலாவிலையைக் கோலிக்கொள்ள, அம்மா அகப்பையால் கூழ் வார்க்கிறாள். இலையைக் கோலுவதும் கைவேலைதான். ஒழுகினால் கூழ் போய்விடும் என்பதால் பிள்ளை அதை ஒழுங்காகச் செய்யும். பரிசும் வேண்டாம், வாட்ஸ்அப் படமும் வேண்டாம்.

வெள்ளைக்காரப் பருவங்களை விட்டுத் தமிழ்ப் பருவங்களுக்கு வந்துவிட்டோம் என்று பெருமைப்படும் பள்ளிகளும் இப்போது உண்டு. ஆறு இதழ் கொண்ட பூ ஒன்றை வெட்டி, இதழுக்கு ஒன்றாகக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று எழுதி ஒட்டுகிறார்கள். கார்காலம் ஆவணியும் புரட்டாசியும் என்று உரையாசிரியர்கள் வகுத்தபடி பிள்ளை ஒப்பிக்கிறது. கடலோரத்துக்குப் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருவதைப் பார்த்து, ஏன் அப்படி என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்த வகுப்பில் பாடம் தொடங்கியிருக்கும். கேட்பதற்குப் பிள்ளை ஆவணி வெயிலைக் கவனித்திருக்க வேண்டும். பட்டியல் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மேப்பிள் இலைக்கும் இந்த ஆறு இதழுக்கும் நான் அதிக வித்தியாசம் காணவில்லை.

புலவருக்கு நவாலி என்ற ஊர் இருந்தது, அடுக்குமாடிப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். புங்கமரம் இருக்கிறது. சென்னையில் அது இல்லாத தெரு குறைவு. பனிக்காலம் முடியும்போது இலையுதிர்த்து, சில நாளில் கண்கூசும் தளிர் விட்டு, சித்திரையில் பூவைக் கொட்டித் தரையை மூடுகிறது. நம் ஊரின் இலையுதிர்காலம் மாசி, பங்குனியில் வருகிறது என்பதை இந்த ஒரு மரமே சொல்லிவிடும். வேம்பு பூத்தால்தான் புத்தாண்டுப் பச்சடிக்குப் பூ. ஏப்ரல், மே மாதங்களில் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்குகிறது. மழைக்கு முன் தட்டான் தாழப் பறக்கிறது. முதல் மழைக்குப் பின் விளக்கடியில் ஈசல் விழுகிறது. இதற்கெல்லாம் பேருந்து வைத்துச் சுற்றுலா போக வேண்டாம், வாட்ச்மேனிடம் சொல்லிக் கதவைத் திறக்கச் செய்தால் போதும். நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியையின் சிரமம் தெரியாமல் சொல்லவில்லை. ஆனால் நாற்பது குடைகளை வெட்டி, பெயரெழுதி, காயவைக்கும் சிரமம் அதைவிடக் குறைவா?

பள்ளி நடத்துகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஜூலை ‘ரெய்னி டே’யை நிறுத்துங்கள். ஐப்பசியில் விடுமுறை விடாத தூறல் நாளொன்றில் பிள்ளைகளை வாசல் தாழ்வாரம் வரை கூட்டிப்போய் அரைமணி நேரம் நிறுத்துங்கள். யாரும் பாட வேண்டாம், எதையும் ஒட்ட வேண்டாம். வகுப்புக்குத் திரும்பியதும் என்ன பார்த்தாய் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். பாட்டை அடுத்த நாள் எழுதிக்கொள்ளலாம்.