எல்லைக்கல் எங்கே நிற்பது?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடலின் முதல் இயலில் பல்லுயிர் அழிவைப் பற்றிய பகுதியை அண்மையில் மீண்டும் வாசித்தோம். உயிரினங்கள் மனிதனுக்குப் பயன்படும் பொருள்கள் மட்டுமல்ல, தம்மளவிலேயே மதிப்புடையவை என்பது அதன் மையக் கருத்து. பூஞ்சைக்கும் புழுவுக்கும்கூட அங்கே இடமுண்டு. அமேசானும் காங்கோவும் பெயர் சொல்லிப் பேசப்படுகின்றன. வறண்ட சமவெளியின் மொட்டைப் பாறைக் குன்றைப் பற்றி மட்டும் பேச்சில்லை. மேலூர்ப் பக்கத்திலிருந்து வாசிக்கும் நமக்கு இது குறையாகவே படுகிறது.

அரிட்டாபட்டியை எண்ணியே இதைச் சொல்கிறோம். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் சிற்றூர்களைச் சேர்ந்த 193.215 எக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றது. ஏழு குன்றுகள், ஏறத்தாழ 250 பறவையினங்கள், தேவாங்கு, அழுங்கு. ஈராண்டு கழிந்ததும், 2024 நவம்பரில், இந்நிலத்தையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 2,015 எக்டேர் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பகுதிக்கான ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வாயிற்று.

எதிர்ப்பு எழுந்தபின் நடுவண் அரசு கூறியதுதான் சிந்தனைக்குரியது. பாரம்பரியத் தலத்தை விலக்கிவிட்டு எல்லையை மறுவரையறை செய்ய ஆராயலாம் என்றது. பத்தில் ஒரு பங்கைக் காத்து எஞ்சியதைத் தோண்டலாம் என்பது இதன் பொருள். கேட்பதற்கு நியாயம்போலவே தோன்றும். ஆனால், குன்றில் கூடு கட்டும் வல்லூறு இரை தேடுவது வயல்வெளியில் அல்லவா? பாறையில் பெய்த மழை இறங்குவதும் சுற்றியுள்ள கண்மாய்களுக்குத்தானே? மக்கள் அந்தக் கோட்டை ஏற்கவில்லை. 2025 சனவரியில் மேலூர் வட்டார உழவர்கள் மதுரை நோக்கித் திரளாக வந்தனர். அம்மாதம் 23-ஆம் நாள் ஏலம் ரத்தாயிற்று.

டங்ஸ்டன் வேண்டாமா என்று கேட்போரை எள்ளிவிட முடியாது. துளையிடும் கருவிகளுக்கு அது தேவை. நம் வீட்டுக் குண்டு பல்பிலும் அதன் இழைதான் எரிந்தது. நம் தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது. இயற்கையின் அமைப்பை மாற்றும் மனிதத் தலையீட்டைத் தடைசெய்த புகலிடங்களைத் திருமடல் பாராட்டுகிறது. அரிட்டாபட்டியிலோ சமணப் படுகைகளும் பாண்டியர் குடைந்த சிவன் கோயிலும் உள்ளன. அவையும் தலையீடுகளே! ஆடு மேய்ப்பவரைக் குன்றிலிருந்து விலக்கும் காப்பு நமக்கு உடன்பாடன்று. உள்ளாட்சிகளைக் கலந்தே இத்தகைய தலத்தை அறிவிக்கவேண்டும், அதனால் வருவாய் இழப்போர்க்கு ஈடளிக்கத் திட்டம் வகுக்கவேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு. இப்பகுதியைப் பொறுத்தவரை, திருமடலைவிடச் சட்டமே தெளிவாகப் பேசியிருக்கிறது.