தேயிலைமலையில் ஒரு நூலடுக்கு: வாசக எதிர்வினைகளும் கருப்பொருள் நோக்கும்

முன்னுரை

ஒரு நூலைப் படித்து முடித்தவுடன் உள்ளத்தில் எழும் எதிர்வினையைத் திறனாய்வு எனக் கொள்ளலாமா என்னும் வினா தமிழ்த் திறனாய்வுலகில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. ரசிகமணி டி.கே.சி. வழிவந்த ரசனைமுறையினர் வாசகனின் உள்ளத்து அசைவையே முதற் சான்றாகக் கொண்டனர். பேராசிரியர் க. கைலாசபதி போன்றோர் இலக்கியத்தையும் அதன் நுகர்ச்சியையும் சமூகச் சூழலிலிருந்து பிரித்துப் பார்க்கவியலாது என வாதிட்டனர். இவ்விரு நோக்குகளும் ஒன்றையொன்று விலக்க வேண்டுவதில்லை. வாசகன் தான் நிற்கும் இடத்தை வெளிப்படையாகக் கூறிவிட்டுத் தன் எதிர்வினையைப் பதிவு செய்வானாயின், அவ்வெதிர்வினையே நூலையும் இடத்தையும் ஒருங்கே அளக்கும் கருவியாகலாம்.

இக்கட்டுரையின் வாசகன் நிற்கும் இடம் பகாங் மாநிலத்துக் கேமரன்மலை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்த ஆண்டுகளில் நான் வாசித்த எட்டுப் படைப்புகள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவை ஒரே மொழியினவோ ஒரே வகையினவோ அல்ல. சிறுகதை, நெடுங்கதை, புதினம், வாழ்க்கை வரலாறு எனக் கலந்தவை. எனினும் அனைத்தையும் தோட்டம் என்னும் ஒரே தளத்தில் வைத்து நோக்க முடிகின்றது.

இடமும் காலமும்

1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்த மலைப்பகுதி அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் இங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலைத் தொழில் அனுபவம் பெற்ற ஏ.பி. மில்ன் அவருக்குத் துணைநின்றார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. சரிவுகளைத் திருத்திக் கன்று நட்டு, கொழுந்து பறித்தவர்களுள் பெரும்பான்மையோர் தமிழர்.

இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் வணிக நோக்கில் தேயிலை பயிரிட்டார். கேமரன்மலைத் தேயிலை அதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. மேலும், 1930களின் தொடக்கத்தில் நேர்ந்த பொருளாதார மந்தத்தால் தமிழகத்திலிருந்து ஆட்சேர்ப்புத் தடைப்பட்டது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கான உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தையே நிறுத்தியது. ஆகவே இங்குத் தேயிலைத் தமிழர் சமூகம் குறுகிய காலத்தில், சிறு எண்ணிக்கையில் உருவானது. இலங்கை மலையகத்தில் தேயிலையும், மலேசியச் சமவெளியில் இரப்பரும் தனித்தனி இலக்கிய மரபுகளைத் தோற்றுவித்தமைக்கும், கேமரன்மலைத் தேயிலை அவ்வாறு தோற்றுவிக்காமைக்கும் இவ்வரலாறு ஒரு காரணமாகலாம். எனவே இம்மலையில் தேயிலை இலக்கியம் கற்பிக்க விழையும் ஆசிரியன் பிறர் மலைகளின் நூல்களையே நாட வேண்டியவனாகின்றான்.

அளவுகோல்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருள் என்றது. மாந்தர்தம் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றது. தொழிலையும், அத்தொழிலுக்கு உரியவர் முழக்கும் பறையையும் நிலத்தின் கருவாகவே எண்ணிய மரபு நம்முடையது. அகத்திணைக்கு உரிய இப்பாகுபாட்டைத் தற்காலப் புனைகதைக்கு அப்படியே பொருத்துதல் இங்கு நோக்கமன்று. ஒரு படைப்பு மலையைக் காட்சியாக மட்டும் காண்கின்றதா, துன்பமாக மட்டும் காண்கின்றதா, அங்கு நிகழும் தொழிலையும் காண்கின்றதா என வினவுவதற்கு இது பயன்படும்.

மலை காட்சியாகும் நூல்கள்

முதலில் கேமரன்மலையையே களமாகக் கொண்ட இரு ஆங்கில நூல்கள். ஒன்று, வில்லியம் வாரன் எழுதி 1970இல் வெளிவந்த ஜிம் தாம்சன் வாழ்க்கை வரலாறு. தாய்லாந்துப் பட்டுத் தொழிலுக்கு உலகப் புகழ் தேடித்தந்த இவ்வமெரிக்கர், 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறன்று, கேமரன்மலையில் தாம் தங்கியிருந்த மூன்லைட் பங்களாவிலிருந்து வெளியேறியவர் திரும்பவேயில்லை. காவலர்களும் பழங்குடி வழிகாட்டிகளும் காட்டில் தேடியும் தடயம் கிடைக்கவில்லை. மர்மக் கதையின் விறுவிறுப்புடன் வாசிக்கத்தக்க நூல் இது. ஆயினும் வாசித்து முடித்தபின் என்னுள் எஞ்சியது ஒரு முரண். இம்மலைக்கு விருந்தினராக வந்து மறைந்த ஒருவரைப் பற்றி உலகம் இன்றும் எழுதுகின்றது. இம்மலையில் வாழ்நாள் முழுதும் இருந்து உழைத்தவர்களைப் பற்றிய பதிவு மிக அருகியுள்ளது. இது நூலாசிரியரின் குறையன்று. எவருடைய வாழ்வு கதையாகத் தகும் என உலகம் கருதுகின்றது என்பதற்கு இது சான்று.

மற்றொன்று, தான் ட்வான் எங் எழுதிய ‘தி கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்’ (2012). புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. மேன் ஆசிய இலக்கியப் பரிசைப் பெற்றது. 2019இல் திரைப்படமாகவும் வந்தது. ஜப்பானிய முகாமிலிருந்து உயிர்தப்பிய யுன் லிங் என்னும் பெண், அவசரகாலத்தின்போது கேமரன்மலைக்கு வந்து, அரிதோமோ என்னும் ஜப்பானியத் தோட்டக்கலைஞரிடம் பயில்கின்றாள். நினைவுக்கும் மறதிக்கும் இடையிலான போராட்டத்தை இத்துணை நுட்பமாகச் சொன்ன மலேசிய நூல்கள் சிலவே. பக்கத்திலேயே தென்னாப்பிரிக்கரான மேக்னஸின் மஜுபா தேயிலைத் தோட்டம் இருக்கின்றது. அத்தோட்டத்துத் தொழிலாளர்கள் கதையின் ஓரத்தில் நடமாடுகின்றனர். அவர்களுள் எவரும் கதையை நகர்த்தும் மாந்தராக வளரவில்லை. ஜப்பானியப் பூங்காவின் ஒவ்வொரு கல்லுக்கும் பொருள் கற்பிக்கும் இந்நாவலில் தேயிலைச் சரிவு பெரும்பாலும் பின்னணியாகவே நிற்கின்றது. நாவலாசிரியர் தேர்ந்த பொருள் வேறு என்பதால் இதனைக் குற்றமாகக் கூறவியலாது. ஆனால் அச்சரிவில் வாழ்ந்தோரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வாசகன் அந்த ஓரத்தையே மீண்டும் மீண்டும் நோக்குகின்றான்.

மலை துன்பமாகும் நூல்கள்

தமிழில் தேயிலையைக் கண்டு கொதித்தெழுந்த தொடக்ககாலக் குரல்களுள் புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’ (1935) முதன்மையானது. இலங்கைத் தோட்டத்திற்குச் செல்லும் மருதியின் கதையில் சாதி, வறுமை, தோட்ட அதிகாரம், நோய் ஆகிய அனைத்தும் ஒரு பெண்ணின் உடலின்மேல் வந்து இறங்குகின்றன. இரக்கத்தை வேண்டி நிற்காத எள்ளல் நடையே இக்கதையின் வலிமை. தேயிலை எவ்வாறு விளைகின்றது என்பதைவிட, அது மனிதரை எவ்வாறு சிதைக்கின்றது என்பதே அவருக்கு முக்கியமாகின்றது.

முல்க் ராஜ் ஆனந்தின் ‘டூ லீவ்ஸ் அண்ட் எ பட்’ (1937) அஸ்ஸாம் தோட்டத்தைக் களமாகக் கொண்டது. பஞ்சாப் உழவன் கங்கு ஆசை வார்த்தைகளை நம்பித் தோட்டம் வருகின்றான். மனைவியை நோய்க்குப் பலிகொடுக்கின்றான். மகளைக் காக்க முற்பட்டு வெள்ளை அதிகாரியால் சுடப்படுகின்றான். வழக்கில் கொலையாளி விடுவிக்கப்படுகின்றான். நூலின் தலைப்பு, ஈரிலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து பறிக்கும் அளவைக் குறிப்பது. தொழிலின் நுண்மையைத் தலைப்பிலேயே ஏந்திய நூல், உள்ளே அநீதியின் வரலாறாகவே விரிகின்றது. அநீதியின் காரணங்களை விளக்கும் பொறுப்பு, மனச்சான்றுள்ள மருத்துவர் ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகின்றது.

இவ்விடத்தில் பி.எச். டேனியலின் ‘ரெட் டீ’ (1969) நினைவிற்கு வருவது இயல்பு. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய அவர், தாம் அறிந்தவற்றை ஆங்கிலத்தில் நாவலாக்கினார். இரா. முருகவேள் 2007இல் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். 2013இல் வெளிவந்த பாலாவின் ‘பரதேசி’ திரைப்படத்திற்கும் இதுவே அடிப்படை. கருப்பனும் வள்ளியும் முன்பணத்தில் சிக்கி மலையேறுவதும், அட்டைக்கடியும் காய்ச்சலும் கடனும் அவர்களைப் பிணிப்பதும் வாசகனைத் துன்புறுத்துகின்றன. தமிழரின் கதை முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்தே தமிழுக்கு வந்துசேர்ந்தது என்பதும் துன்புறுத்துகின்றது. ஆயினும் இங்கும் நோயின் காரணத்தை அறிந்தவர் மருத்துவர். தொழிலாளி அதை அனுபவிப்பவன். ஆனந்தும் டேனியலும் அறிவை ஒரு பக்கமும் துன்பத்தை மறுபக்கமுமாகப் பிரித்து வைக்கின்றனர். இந்நூல்களை நான் மதிக்கின்றேன். ஆனால் இவற்றை மட்டும் வகுப்பறையில் வைப்போமாயின், தன் பாட்டி துன்புற்றாள் என்பதை மாணவன் அறிவான். அவள் எதில் வல்லவள் என்பதை அறியான்.

கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) இத்துன்ப வரலாற்றைக் குடிபெயர்ந்த பெண்ணின் நிலையிலிருந்து கூறுகின்றது. தொலைவிலிருந்து பார்க்கும்போது மட்டுமே குளிர்ச்சி தரும் பச்சை என்னும் பழமொழியே தலைப்பாயிற்று. அதே ஆண்டில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. தமிழகத்திலிருந்து இலங்கையை நோக்கித் தெரிந்த அதே தூரத்துப் பச்சை, இப்போது எதிர்த்திசையிலும் காட்டப்பட்டது. இலக்கியம் அரசியலை முந்திக் கண்ட இடம் இது எனத் தோன்றுகின்றது.

மலை தொழிலாகும் நூல்

சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிச் சக்தீ அ. பால ஐயா தமிழாக்கிய ‘தேயிலைத் தோட்டத்திலே’ கவிதைநூல் என்னை வேறுவகையில் அசைத்தது. தோட்டத்திலேயே பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான சி.வி., விடியற்காலைத் தப்பொலியிலிருந்தே தம் கவிதையைத் தொடங்குகின்றார். மலையின் பனியைத் தொழிலாளரை எழுப்பும் பறையின் வழியாகவே கேட்கின்றோம். இங்கு நிலமும் பொழுதும் பறையும் தொழிலும் துயரமும் ஒன்றாக இயைகின்றன. தொழிலாளர் பாடல்களைத் தொகுத்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என 1983இல் அவர் வெளியிட்டதும் இந்நோக்கின் தொடர்ச்சியே. பாடலில் கங்காணியைக் கேலி செய்பவளும், கூடையின் கனத்தை அறிந்தவளும் ஒருத்தியே. துன்பத்தை அவளே விளக்குகின்றாள், மருத்துவர் வேண்டுவதில்லை.

இரப்பர்க் காட்டின் நூல்

மலேசியத் தோட்டத்தைத் தமிழகப் பெருவாசகர்க்குக் காட்டிய நூல் அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’. விருந்தினராக வந்த எழுத்தாளர் எனினும், தோட்டத் துண்டாடலின் நிழலில் வாழ்ந்த மக்களை அவர் பரிவுடன் அணுகினார். இதனைத் தேயிலைமலைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போது ஓர் இடைவெளி புலப்படும். லயம், கங்காணி, கிராணி, பெரட்டு போன்ற சொற்கள் இரு தோட்டங்களுக்கும் பொது. ஆனால் சீவுதலும் பால் சேகரித்தலும் அவர்களுடைய வீட்டுச் சொற்கள் அல்ல. அவர்களுடையவை கொழுந்தும் கூடையும் ஆகும். மலேசியத் தமிழ் இலக்கியத்தில் ‘தோட்டம்’ என்றாலே இரப்பர் என்றாகிவிட்டது. பாடநூலும் பரிசுக்கதையும் அவ்வழக்கையே உறுதிப்படுத்துகின்றன.

மறுப்பும் விடையும்

இலக்கியம் தொழிற்கையேடு அன்று. ஒரு நாவலில் தொழில் நுணுக்கத்தைத் தேடுவது முறையா எனக் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இங்கு வேண்டப்படுவது தகவல் அன்று. எந்தத் தளிர் பறிக்கத் தக்கது, எது முற்றியது என்பதைக் கணப்பொழுதில் கண்டு விரல் தீர்மானிக்கின்றது. அத்தீர்மானம் ஓர் அறிவு. அவ்வறிவைக் கண்ட படைப்பில் தொழிலாளி எழுவாயாகின்றார். காணாத படைப்பில், எத்துணை அன்புடன் எழுதப்பட்டிருப்பினும், செயப்படுபொருளாகவே எஞ்சுகின்றார்.

முடிவுரை

எட்டுப் படைப்புகளையும் ஒருங்கு நோக்குங்கால், கேமரன்மலை உலக இலக்கியத்தில் முதற்பொருளாக இடம்பெற்றுவிட்டது. தேயிலையின் துயரம் உரிப்பொருளாகப் பிற மலைகளிலிருந்து நமக்குக் கிட்டியுள்ளது. இம்மலையின் கருப்பொருளே இன்னும் எழுதப்பட வேண்டியதாக நிற்கின்றது எனலாம். இதற்குக் காலம் அதிகமில்லை. இன்று சரிவுகளில் பெரும்பாலும் கத்தரிக்கோலும் இயந்திரமும் இயங்குகின்றன. அவற்றை இயக்குவோருள் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர். கையால் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்களின் தலைமுறை முதுமையடைந்துவிட்டது.

பிந்திய பதிவும் பயன் தரும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. போர்க்காலத்தில் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரின் கதையை, ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலிலும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்னும் நாவலிலும் எழுதினர். பல ஆண்டுகள் கடந்து எழுதப்பட்டபோதும், உயிருடன் இருந்தோரின் நினைவு அவ்வெழுத்துகளுக்கு ஊற்றாயிற்று. ஊற்று வற்றியபின் எழுதுவோர்க்கு அவ்வாய்ப்பு இராது.

நாவலை எவரும் ஆணையிட்டுப் பெறவியலாது. ஆனால் அதற்குரிய நிலத்தைப் பண்படுத்தலாம். கேமரன்மலைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஒரு சொற்பட்டியலிலிருந்து தொடங்கலாம். கொழுந்தின் வகைகளுக்கும், கூடையின் பாகங்களுக்கும், ஒவ்வொரு சரிவுக்கும் தொழிலாளர் இட்டு வழங்கிய பெயர்களை மாணவர்கள் தம் பாட்டிமாரிடம் கேட்டு எழுதிவரட்டும். பாடல் நினைவிருப்பின் ஒலிப்பதிவு செய்யட்டும். பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைகள் இளங்கலை மாணவரின் களப்பணியாக இதனை ஏற்று, தொகுத்துக் காக்கலாம். வரும் எழுத்தாளர் ஒருவர் இம்மலையைப் பற்றி எழுத அமரும்போது, பனிமூட்டத்தோடு அச்சரிவின் பெயரும் அவர் கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும்.